கடலுக்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள்?

2014 நவம்பரில் என் மகன் தொடக்கநிலை மூன்றில் படித்துக்கொண்டிருந்தான். சிங்கப்பூரின் நான்கு தேசிய நீர்க் குழாய்களைப் பற்றிப் பள்ளியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நீர்த்தேக்கங்களில் சேரும் மழைநீர், ஜோகூரிலிருந்து வரும் நீர், சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் நியூவாட்டர், உப்பு நீக்கிய கடல்நீர் என்று விரல் விட்டு ஒப்பித்தவன் நான்காவது விரலில் நின்றுவிட்டான். “சரிம்மா, கடலுக்கு யார் தண்ணி ஊத்தினாங்க?”

மழை என்றேன். மழை கடலிலிருந்துதானே வருது என்றான். எனக்குப் பதில் வரவில்லை.

அந்த வாரம் புதன்கிழமை, 12 நவம்பர், சிங்கப்பூர் நேரம் மாலை 5 மணி 3 நிமிடத்துக்கு, ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் இருக்கும் ஐரோப்பிய விண்வெளி முகமையின் கட்டுப்பாட்டு அறைக்கு ஒரு செய்தி வந்தது. ரொசெட்டா என்ற விண்கலம், ஃபிலே என்ற சின்னஞ்சிறு இறங்குகலத்தை ஒரு வால்மீனை நோக்கி விட்டுவிட்டது. இனி ஏழு மணி நேரம் அது விழுந்துகொண்டே இருக்கும். ஈசூன் வீட்டுக் கூடத்தில் கணினியை நேரலையில் போட்டு வைத்தேன். “நீ கேட்டியே, அதைக் கண்டுபிடிக்கத்தான் போயிருக்காங்க” என்று மகனிடம் சொன்னேன். பத்து மணிக்கு அவன் சோபாவிலேயே தூங்கிப்போனான்.

வால்மீனைத் தூமகேது என்றும் சொல்கிறோம். தூமம் என்றால் புகை, கேது என்றால் கொடி. கெட்ட சகுனம் என்று பயந்தவர்கள் வைத்த பெயர்தான், ஆனாலும் பொருத்தமான பெயர். சூரியனை நெருங்கும்போது வால்மீனின் பனி உருகித் தண்ணீராகாமல் நேரே ஆவியாகிறது. அந்த ஆவி தூசியையும் இழுத்துக்கொண்டு வெளியே பாய்கிறது. நாம் வால் என்று பார்ப்பது அதைத்தான். மற்றக் காலமெல்லாம் அது சூரியனுக்கு வெகு தொலைவில், கடுங்குளிரில் கிடக்கிறது. பூமி உருவான காலத்துப் பாறைகள் உருகி, மடிந்து, அரித்துப் போய்விட்டன. வால்மீனின் பனியோ சூரியக் குடும்பம் பிறந்த 460 கோடி ஆண்டுக்கு முந்தைய நிலையில் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. இளம் பூமி கொதித்துக்கொண்டிருந்தது, அதன் தண்ணீரில் பெரும்பங்கு பின்னால் வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. அப்படியானால் கொண்டுவந்து சேர்த்தவை எவை? வால்மீன்களா, சிறுகோள்களா?

ரொசெட்டாவுக்கு முன்பும் வால்மீன்களின் பக்கத்தில் கலங்கள் போயிருக்கின்றன. 1986 மார்ச்சில் ஐரோப்பாவின் ஜியோட்டோ, ஹாலி வால்மீனின் கருவிலிருந்து 596 கிலோமீட்டர் தூரத்தில் கடந்தது. அதன் வேகம் வால்மீனைப் பொறுத்து நொடிக்கு 68 கிலோமீட்டர். துவாஸிலிருந்து சாங்கி வரை ஒரு நொடிக்குள் கடந்துவிடும் வேகம். 2004 ஜனவரியில் நாசாவின் ஸ்டார்டஸ்ட், வில்ட் 2 வால்மீனின் தூசியைச் சேகரித்து 2006-இல் பூமிக்கு அனுப்பியது. 2005 ஜூலையில் டீப் இம்பாக்ட், 370 கிலோ எடையுள்ள மோதுகலத்தை டெம்பெல் 1 மீது மோதவிட்டு என்ன தெறிக்கிறது என்று பார்த்தது. எல்லாம் அருமையான வேலைகள். ஆனால் மூன்றுமே ஓடுகிற ரயிலின் ஜன்னலிலிருந்து பார்த்த ஊர் மாதிரி. வால்மீன் சூடாகி, சீறி, மறுபடி அடங்குவதைப் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்திலேயே குடியிருக்க வேண்டும். ரொசெட்டாவின் பெருமை இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். உலகம் கொண்டாடியது ஃபிலே இறங்கியதை. அறிவியலுக்குப் பெரிய வரவு, இரண்டு வருடத்துக்கு மேல் கூடவே இருந்தது.

கூடவே இருக்க வேண்டுமென்றால் அதன் வேகத்திலேயே போக வேண்டும். சந்தித்த சமயத்தில் அந்த வால்மீன் மணிக்கு ஏறக்குறைய 55,000 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனைச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பாதையில் நேரே கொண்டுபோய் விடும் பலம் அப்போது எந்த ராக்கெட்டுக்கும் இருக்கவில்லை. அதனால் கிரகங்களைக் கவண் போலப் பயன்படுத்தினார்கள். நகர்ந்துகொண்டிருக்கும் கிரகத்தின் அருகில் சரியான கோணத்தில் போனால், அதன் ஈர்ப்பு கலத்தை இழுத்து வேறு திசையில், கூடுதல் வேகத்தோடு வீசிவிடும். எரிபொருள் அதிகம் செலவாவதில்லை, காலம்தான் செலவாகிறது. 2005, 2007, 2009 என மூன்று முறை பூமியையும், 2007 பிப்ரவரியில் ஒரு முறை செவ்வாயையும் ரொசெட்டா சுற்றி வந்தது. செவ்வாய்க்கு மேலே வெறும் 250 கிலோமீட்டரில், அதன் நிழலுக்குள், சூரிய ஒளி இல்லாமல் பேட்டரியை மட்டும் நம்பிக் கடந்தது.

செவ்வாயைச் சுற்றும் இந்த வழி முதலில் போட்ட திட்டத்தில் இப்படி இல்லை. ரொசெட்டா போக இருந்தது 46பி விர்ட்டனென் என்ற வேறொரு வால்மீனுக்கு. 2003 ஜனவரியில் கிளம்ப வேண்டியது. 2002 டிசம்பரில் ஏரியான் 5 ராக்கெட்டின் புதிய வகை ஒன்று முதல் பயணத்திலேயே தோல்வியடைந்ததால், ரொசெட்டாவை ஏற்றத் தயங்கி நிறுத்திவிட்டார்கள். வால்மீன் யாருக்காகவும் காத்திருக்காது, அந்த வாய்ப்பு போய்விட்டது. வேறு வால்மீன் தேடியபோது கிடைத்ததுதான் 67பி. 1969-இல் அல்மாட்டியில் ஸ்வெத்லானா கெராசிமெங்கோ எடுத்த படத்தில், கீவ் நகரில் கிளிம் சுர்யுமோவ் அதைக் கண்டுபிடித்தார். அதனால் இருவர் பெயரும் சேர்ந்து சுர்யுமோவ்-கெராசிமெங்கோ. ஆறரை ஆண்டுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றுகிறது. 1959-இல் வியாழன் கோள் இழுத்துத் திருப்பிவிட்ட பிறகுதான் சூரியனுக்கு இவ்வளவு அருகில் வரத் தொடங்கியது. அதனால் ரொம்பத் தேய்ந்துபோகாத வால்மீன். இந்த ஆள் மாற்றத்துக்குப் பின்னால் ஒரு வேடிக்கையான தொடர்ச்சி உண்டு, அதற்கு வருகிறேன்.

2004 மார்ச் 2 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ரொசெட்டா புறப்பட்டது. மூன்று டன் எடை, அதில் பாதிக்கு மேல் எரிபொருள். இரு பக்கமும் விரித்தால் நுனிக்கு நுனி 32 மீட்டர் வரும் சூரியத் தகடுகள். தகடுகளின் மொத்தப் பரப்பு 64 சதுர மீட்டர், நம் ஊரில் ஒரு மூவறை வீவக வீட்டின் அளவு. ஆனால் அவ்வளவு பெரிய தகடும் வியாழன் கோளின் தொலைவில் போதாது, அங்கே சூரிய ஒளி பூமியில் கிடைப்பதில் 4 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். அதனால் 2011 ஜூன் 8 அன்று கலத்தைத் தூங்க வைத்தார்கள். கணினி ஒன்று, சில சூடேற்றிகள், இவை தவிர ஏறக்குறைய எல்லாம் அணைக்கப்பட்டன. 957 நாட்கள் அதனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. கேட்டுப் பார்க்கவும் வழியில்லை, உள்ளே வைத்திருந்த அலாரம் அடிக்கும் என்று நம்ப வேண்டியதுதான்.

2014 ஜனவரி 20 அன்று சிங்கப்பூர் நேரம் மாலை 6 மணிக்கு அலாரம். எழுந்து, உடம்பைச் சூடேற்றி, சுழற்சியை நிறுத்தி, நட்சத்திரங்களைப் பார்த்து பூமி எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு, அப்புறம்தான் ஆன்டெனாவைத் திருப்ப வேண்டும். அது அனுப்பும் சமிக்ஞை ஒளியின் வேகத்தில் வந்தாலும் 45 நிமிடமாகும். குறித்த நேரம் வந்தும் திரையில் ஒன்றும் தெரியவில்லை. இங்கே அதிகாலை 2 மணி 18 நிமிடத்துக்கு, சமதளமாக ஓடிக்கொண்டிருந்த கோட்டில் ஒரு சின்ன முள் எழுந்து நின்றது. கட்டுப்பாட்டு அறையில் பெரியவர்கள் குழந்தைகளைப் போலக் குதித்தார்கள். சிலர் இந்தத் திட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது இளைஞர்கள்.

2014 ஆகஸ்ட் 6 அன்று, 640 கோடி கிலோமீட்டர் பயணத்துக்குப் பிறகு, ரொசெட்டா வால்மீனிலிருந்து 100 கிலோமீட்டர் தூரத்தில் வந்து நின்றது. அதற்கு முந்தைய வாரங்களில் வந்த படங்களே எல்லாரையும் திகைக்க வைத்திருந்தன. உருளைக்கிழங்கு மாதிரி ஏதோ ஒன்றை எதிர்பார்த்தார்கள். அங்கே இருந்தது குளியல் தொட்டியில் மிதக்கும் ரப்பர் வாத்து: ஒரு பெரிய உடல், ஒரு சிறிய தலை, நடுவில் மெலிந்த கழுத்து. பெரிய பகுதியின் நீளம் 4.1 கிலோமீட்டர், செந்தோசா தீவின் நீளம் மாதிரி. பாறை அடுக்குகளை ஆராய்ந்தபோது, தனித்தனியே உருவான இரண்டு வால்மீன்கள் மெதுவாக வந்து ஒட்டிக்கொண்டவை என்று தெரிந்தது. எடை சுமார் 1,000 கோடி டன். கேட்கப் பெரிதாக இருந்தாலும் அடர்த்தி தண்ணீரில் ஏறக்குறைய பாதிதான். உள்ளே 70 சதவீதத்துக்கு மேல் வெற்றிடம். கடலில் போட்டால் மிதக்கும்.

இவ்வளவு லேசான பொருளுக்கு ஈர்ப்பு எவ்வளவு இருக்கும்? 30 கிலோமீட்டர் தூரத்தில் சுற்றியபோது ரொசெட்டாவின் வேகம் நொடிக்குச் சுமார் 15 சென்டிமீட்டர். தவழும் குழந்தை அதை முந்திவிடும். வால்மீனின் மேல் நின்று ஒருவர் எகிறிக் குதித்தால் திரும்பி வரமாட்டார், நொடிக்கு ஒரு மீட்டர் வேகம் இருந்தாலே அதன் பிடியிலிருந்து விடுபட்டுவிடலாம்.

இப்போது ஃபிலேயின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். பூமியில் 100 கிலோ எடையுள்ள அந்தப் பெட்டி அங்கே ஒரு கிராம் போலத்தான் கனக்கும். 22.5 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, அதாவது தெம்பனிஸிலிருந்து ஜூரோங் ஈஸ்ட் வரை நேர்க்கோட்டில் உள்ள தூரம், நடக்கும் வேகத்தில் விழுகிறது. வழிகாட்ட யாரும் இல்லை. பூமி 51 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, ஒரு கட்டளை போய்ச் சேர 28 நிமிடம். தொட்டவுடன் எகிறிவிடாமல் இருக்க மூன்று ஏற்பாடுகள் இருந்தன. மேலிருந்து அழுத்த ஒரு வாயு உந்தி, தரையில் பாய்ந்து பற்றிக்கொள்ள இரண்டு ஈட்டிகள், கால்களில் திருகுகள். உந்தி வேலை செய்யாது என்பது பிரித்து விடுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. அப்படியும் போகச் சொன்னார்கள்.

நள்ளிரவு தாண்டி 3 நிமிடத்துக்கு, தொட்டுவிட்டது என்ற செய்தி வந்தது. எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நானும் தனியே உட்கார்ந்து கை தட்டினேன். ஈட்டிகள் பாயவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஃபிலே எகிறி, மேலே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் போய், இரண்டு மணி நேரம் மிதந்து, ஒரு விளிம்பில் இடித்து, மறுபடி எகிறி, கடைசியில் ஒரு பாறையின் நிழலில் சாய்ந்து விழுந்தது. 12.4 மணி நேரம் கொண்ட அந்த ஊர் நாளில் அங்கே ஒன்றரை மணி நேரம்தான் வெயில். பேட்டரி தீரும்வரை, இரண்டரை நாளுக்குச் சற்றுக் குறைவாக, ஃபிலே தன்னால் முடிந்த சோதனைகளையெல்லாம் செய்து அனுப்பிவிட்டு அணைந்தது. அதன் கருவி மோப்பம் பிடித்த 16 கரிமச் சேர்மங்களில் நான்கு, அதுவரை எந்த வால்மீனிலும் காணப்படாதவை.

இந்தத் தடுமாற்றத்தைத் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓரிடத்தில் ஒழுங்காக நின்றிருந்தால் ஓரிடத்தைத்தான் தொட்டிருக்கும். இரண்டாவது முறை உரசிய இடத்தை 2020-இல் கண்டுபிடித்து அளந்தபோது, பாறையின் உள்ளே இருந்த பனியும் தூசியும் தே தாரிக் மேல் நிற்கும் நுரை போல அவ்வளவு மென்மை என்று தெரியவந்தது. கடைசியாக நின்ற இடத்திலோ ஃபிலேயின் சுத்தியலால் அடித்தும் தரையில் இறங்க முடியவில்லை. ஒரே வால்மீனில் இரண்டும் இருக்கின்றன.

இனி தண்ணீர். ரொசெட்டாவில் ரொசினா என்று ஒரு கருவி இருந்தது. ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கத்ரின் ஆல்ட்வெக் அதன் தலைவர். வால்மீனிலிருந்து வரும் வாயுவின் மூலக்கூறுகளை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் மூக்கு என்று சொல்லலாம். அழுகிய முட்டையின் நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு, லாயத்து வாடையடிக்கும் அமோனியா, எல்லாவற்றையும் அது கண்டது. யாரும் எதிர்பார்க்காத ஆக்சிஜன் மூலக்கூறும், உயிருக்கு வேண்டிய கிளைசின் என்ற அமினோ அமிலமும், பாஸ்பரசும் கிடைத்தன.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று எடையை வைத்து எப்படிச் சொல்வது? ஹைட்ரஜனில் கனமான ஒரு வகை உண்டு, டியூட்டீரியம். நம் கடலில் 10,000 நீர் மூலக்கூறுகளை எடுத்தால் அதில் மூன்றில் இந்தக் கனமான அணு இருக்கும். சூரியக் குடும்பத்தில் நீர் எங்கே, எவ்வளவு குளிரில் உறைந்தது என்பதைப் பொறுத்து இந்த விகிதம் மாறும். நீரின் பிறந்த ஊர் முத்திரை போல. பூமியின் முத்திரையோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும். 2014 டிசம்பரில் முடிவு வந்தது: 67பி-இல் 10,000-க்குப் பத்துக்கும் மேல். மூன்று மடங்குக்கும் அதிகம். வால்மீன்கள் நம் கடலை நிரப்பவில்லை, சிறுகோள்களைத்தான் பார்க்க வேண்டும் என்று செய்திகள் வந்தன. நானும் மகனிடம் அப்படியே சொல்லிவைத்தேன்.

விஷயம் அதோடு முடியவில்லை. 2011-இலேயே ஹார்ட்லி 2 என்ற வால்மீனின் நீர் பூமியின் நீரை ஒத்திருப்பதாக ஹெர்ஷல் விண்தொலைநோக்கி சொல்லியிருந்தது. 2018 டிசம்பரில் இன்னொரு வால்மீன் பூமிக்கு அருகில் வந்தபோது, விமானத்தில் பொருத்திய சோஃபியா தொலைநோக்கி அதன் நீரை அளந்தது. அதுவும் பூமியின் விகிதமே. அந்த வால்மீன் எது தெரியுமா? 46பி விர்ட்டனென். ரொசெட்டா முதலில் போக இருந்த அதே வால்மீன். 2002-இல் ராக்கெட் தோற்காமல் இருந்திருந்தால், 2014-இல் நாம் படித்த தலைப்புச் செய்தி நேர் எதிராக இருந்திருக்கலாம்.

ஒரே கூட்டத்து வால்மீன்களுக்குள் ஏன் இவ்வளவு வேறுபாடு? இங்கேதான் கூடவே இருந்ததன் பலன் தெரிகிறது. ரொசெட்டா போய்ச் சேர்ந்த காலத்தில் 67பி நொடிக்கு 300 கிராம் நீராவியை வெளியிட்டது, இரண்டு சின்னக் கண்ணாடித் தம்ளர் அளவு. 2015 ஆகஸ்ட் 13 அன்று சூரியனிலிருந்து 18.6 கோடி கிலோமீட்டரில் அது சுற்றித் திரும்பிய சமயத்தில் நொடிக்கு 300 கிலோ. ஆயிரம் மடங்கு. அதோடு தூசிப் புயல். தூசித் துகள்களை நட்சத்திரம் என்று நினைத்து ரொசெட்டாவின் வழிகாட்டும் கேமராக்கள் குழம்பின. 2015 மார்ச்சில் 14 கிலோமீட்டர் வரை நெருங்கிப் போனபோது கலத்தையே இழக்க இருந்தார்கள். அதன்பின் தள்ளியே நின்று, சில நேரம் 300 கிலோமீட்டருக்கு அப்பால் போய், வால்மீன் அடங்கியதும் மறுபடி நெருங்கினார்கள். அருகில், தொலைவில், குளிரில், சூட்டில் என்று அளவீடுகள் குவிந்தன.

அந்தக் குவியலை 2024-இல் நாசாவின் கேத்லீன் மேண்ட் தலைமையிலான குழு மறுபடி எடுத்துப் பார்த்தது. 16,000-க்கும் மேற்பட்ட அளவீடுகள். டியூட்டீரியம் உள்ள நீர், தூசித் துகளில் கொஞ்சம் அதிகமாக ஒட்டிக்கொள்ளும். வால்மீனின் அருகில் பனி பூசிய தூசி ஆவியாகும்போது, அளவு உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். தள்ளிப் போகப் போகத் தூசி காய்ந்துவிடுகிறது, கணக்கு இறங்குகிறது. அப்படித் திருத்திப் பார்த்தால் 67பி-யின் நீரும் பூமியின் நீரை நெருங்கி வருகிறது என்பது அவர்கள் முடிவு. ஓரிரு மாதத் தகவலை வைத்துக்கொண்டு இதைச் சொல்லியிருக்க முடியாது. சிறுகோள்களின் பங்கை இது மறுக்கவில்லை, வால்மீன்களையும் மறுபடி பந்திக்கு அழைத்திருக்கிறது.

ஃபிலே இறங்கிப் பத்தாண்டு நிறைந்த அதே நவம்பர் மாதம் வந்தது அந்தச் செய்தி. மகன் அப்போது தேசிய சேவையில் இருந்தான். வாட்ஸ்அப்பில் அனுப்பி, “நான் சொன்னது தப்பாக இருக்கலாம்” என்று எழுதினேன். இரவு வெகு நேரம் கழித்து, “எதும்மா?” என்று பதில் வந்தது. கேள்வியையே மறந்திருந்தான். வார இறுதியில் வீட்டுக்கு வந்தபோது முதலிலிருந்து சொன்னேன். இந்த முறை தூங்காமல் கேட்டான்.

2016 செப்டம்பர் தொடக்கத்தில், எரிபொருளும் ஒளியும் குறைந்துகொண்டிருந்த நிலையில், 2.7 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ரொசெட்டா எடுத்த படத்தில், ஓர் இருண்ட பிளவுக்குள் மூன்று கால்களில் இரண்டு தெரிய ஃபிலே ஒருக்களித்துக் கிடந்தது. ஏறக்குறைய இரண்டு வருடம் தேடியிருந்தார்கள். அந்த மாதம் 30-ஆம் தேதி, சூரியனை விட்டு விலகிப் போகும் வால்மீனோடு இனி மின்சாரம் கிடைக்காது என்ற நிலையில், ரொசெட்டாவையும் அதன் மேலேயே மெல்ல இறக்கினார்கள். விழுந்துகொண்டே படம் எடுத்து அனுப்பியது. இங்கே இரவு 7 மணி 19 நிமிடத்துக்குத் திரையில் இருந்த முள் மறைந்தது.

ஐரோப்பாவும் ஜப்பானும் சேர்ந்து காமெட் இன்டர்செப்டர் என்ற கலத்தைத் தயார் செய்துகொண்டிருக்கின்றன. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் போய்க் காத்திருந்து, இதுவரை சூரியனை நெருங்கியே இராத ஒரு புது வால்மீன் வரும்போது குறுக்கே போய்ப் பார்ப்பது திட்டம். 67பி-யோ தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2021 நவம்பரில் சூரியனைச் சுற்றித் திரும்பியது. 2028-இல் மறுபடி வரும், தலைப் பக்கத்தில் கிடக்கும் அந்த இரண்டு கலங்களோடு.